ஸ்டாரை இறக்கியாச்சு, இனி?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிசம்பர் முழுக்க வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ், குடில் போட்டி, நள்ளிரவு ஆராதனை என்று ஓடுகிறோம், ஜனவரி பிறந்ததும் எல்லாம் சப்பென்று ஆகிவிடுகிறது, போதகரோ 'கிறிஸ்மஸை ஆண்டு முழுவதும் வாழுங்கள்' என்று வருஷா வருஷம் சொல்கிறார், அதை எப்படித்தான் செய்வது, தினமும் தானதர்மம் செய்துகொண்டே இருக்க என்னிடம் என்ன இருக்கிறது, சம்பளமே பதினெட்டாயிரம்தான் என்று. கூடவே ஒரு சின்னக் கேள்வி: வாசலில் தொங்கும் ஸ்டாரை எந்தத் தேதியில் இறக்க வேண்டும், வீட்டில் அம்மாவுக்கும் அவருக்கும் அதில் தினமும் தகராறாம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் போதகர் இல்லை. நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் நடுவில் ஒரு கிராமத்துச் சபையில் முப்பது வருஷமாகச் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வும் வாங்கியாச்சு. இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் என்னிடம் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், 'சார், இயேசப்பாவுக்குத்தானே பிறந்தநாள், நமக்கு எதுக்குப் புது டிரஸ்?' என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கு ஒரு முந்திரிக்கொத்தைக் கையில் கொடுத்துச் சமாளித்தேன்.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் கிறிஸ்மஸ் என்றதும் உங்களுக்கு உடனே பணம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. கேக், சேலை, அரிசிப் பை, காணிக்கைக் கவர். நாம் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் வேதத்தில் கிறிஸ்மஸ் என்ன என்று ஒரே வரியில் சொல்கிற இடம் யோவான் 1:14. 'அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்.' இந்த 'வாசம்பண்ணினார்' என்பதற்கு மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்குக் கூடாரம் போட்டுத் தங்கினார் என்று பொருள். அதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை, நம் தெருவில் குடிவந்தார். மத்தேயு சொல்கிற இம்மானுவேல் என்ற பெயரும் அதே சங்கதிதான், தேவன் நம்மோடிருக்கிறார். கொடுத்தார் என்பதும் உண்மைதான், யோவான் 3:16 இருக்கிறதே. ஆனால் கொடுத்த பொருளே 'கூட இருப்பது'தான்.

வந்து என்ன செய்தார்? லூக்கா கணக்குப்படி அவர் ஊழியத்தைத் தொடங்கும்போது வயது ஏறக்குறைய முப்பது. அதற்கு முந்தைய வருஷங்களில் பன்னிரண்டு வயதில் எருசலேம் தேவாலயத்துக்குப் போன ஒரு சம்பவத்தையும் குழந்தைப் பருவத்தையும் விட்டால் வேறொன்றும் எழுதப்படவில்லை. நாசரேத்தில் இருந்தார், தச்சு வேலை செய்தார், அவ்வளவுதான். அற்புதம் இல்லை, பிரசங்கம் இல்லை, கூட்டம் இல்லை. மேய்ப்பர்களும் அப்படியே. தேவதூதரைப் பார்த்தார்கள், பாட்டைக் கேட்டார்கள், பிள்ளையையும் பார்த்தார்கள், பிறகு 'திரும்பிப்போனார்கள்' என்று லூக்கா 2:20 முடித்துவிடுகிறது. எங்கே திரும்பிப் போவார்கள்? ஆட்டுக்குத்தான். உங்களுக்கு ஜனவரியில் வருகிற அந்தச் சப்பென்ற உணர்வு இருக்கிறதே, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, பெத்லகேமுக்குப் பிறகு நாசரேத் அப்படித்தான் இருந்திருக்கும்.

சரி, நடப்புக்கு வருகிறேன். எங்கள் சபையில் எண்பது வீடு. கேரல் ரவுண்ட்ஸில் ஒரே இரவில் அத்தனையையும் முடித்தாக வேண்டும், அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், கிறிஸ்மஸ் தாத்தா வேஷக்காரன் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பான், கவர் வாங்குவோம், டிரம் அடுத்த வீட்டு வாசலில் கேட்க ஆரம்பித்திருக்கும். ஏழெட்டு வருஷம் முன்னால் கடைசி வீடு ஒரு பாட்டியுடையது, மகன் சவுதியில், மகளைக் கட்டிக்கொடுத்தது திருவனந்தபுரத்தில். நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. பாட்டி தூங்காமல் ஒரு பெரிய சருவத்தில் சுக்குக்காப்பி போட்டு வைத்திருந்தார். நேரமில்லை பாட்டி என்றோம். 'நின்னுட்டே குடிச்சிட்டுப் போங்க மக்களே' என்றார். குடித்தோம், பாதிப் பேர் பாதிதான் குடித்தோம், பையன்கள் ஏற்கெனவே ஐந்தாறு வீட்டில் காப்பி குடித்து வயிறு நிறைந்து நின்றார்கள். என் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைத் திண்ணையில் வைக்கும்போது அதில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்தேன், அது அவர் வீட்டுப் பெயர் இல்லை. பக்கத்து டம்ளரில் வேறு ஒரு பெயர். நாலு வீட்டில் போய் டம்ளர் இரவல் வாங்கி வைத்திருக்கிறார், இருபத்தைந்து பேர் வருவோம் என்று. நாங்கள் அந்தத் திண்ணையில் நின்றது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. மறுநாள் காலையில் அந்த டம்ளரையெல்லாம் கழுவி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்ததும் அவர்தானே.

அதற்குப் பிறகு ஒரு பிப்ரவரியில் சும்மா போனேன். அவருக்குச் சந்தேகம், 'எதுக்கு வந்தீரு, பிரிவா?' என்றார். ஏனென்றால் சபை ஆட்கள் வீட்டுக்கு வந்தால் ரசீதுப் புத்தகமும் கூட வரும் என்பது எங்கள் ஊர் அனுபவம். பணம் பிரிக்க வரவில்லை என்று நம்ப வைக்கவே பத்து நிமிஷம் ஆனது. இப்போது மாதம் இரண்டு புதன்கிழமை போகிறேன். பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கரன்ட் பில் கட்டுவேன், மகனுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுப்பேன், அப்புறம் அவர் பேசுவார், நான் கேட்பேன், முக்கால்வாசி ஏற்கெனவே கேட்டதுதான். இதற்கு எனக்கு ஆகும் செலவு சைக்கிளுக்குக் காற்றடிப்பது. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய இரண்டு மாடி வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிற கிழவனும் கிழவியும் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். சத்திரத்தில் இடமில்லை என்று கிறிஸ்மஸ் நாடகத்தில் வசனம் பேசுகிறோம், இங்கே நிலைமை தலைகீழ், இடம் நிறைய இருக்கிறது, அதில் இருக்க ஆள் இல்லை.

வந்து தங்குவது என்றால் என்ன என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1838இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கியது. அங்கே வந்த ஹோவர்டு சோமர்வெல் ஒரு மலையேறி. 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர், 1924இலும் போனார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரி வேலை அவருக்காகக் காத்திருந்தது. 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் நோயாளிகள் கூட்டமாகக் காத்துக் கிடப்பதையும் அறுவை சிகிச்சைக்கு ஒரே ஒரு டாக்டர் ஓய்ந்துபோய் நிற்பதையும் பார்த்தார். அங்கேயே வேலை செய்வதாக முடிவெடுத்துவிட்டார், இருபது வருஷத்துக்கும் மேல் நெய்யூரில் இருந்தார். ஊர் சுற்ற வந்த ஆள். நாம் எவரெஸ்ட்டுக்கும் போகவில்லை, டாக்டரும் இல்லை, அதனால் அவரைப் போல ஆகுங்கள் என்று சொல்ல வரவில்லை. பார்த்தார், தங்கினார் என்ற அந்த வரிசை மட்டும் எனக்குப் பிடிக்கும்.

பணம் கொடுப்பதே வேண்டாமா என்று கேட்பீர்கள். கொடுங்கள், ஆனால் மாதத்தை மாற்றுங்கள். இதுதான் இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. டிசம்பரில் எல்லோரும் கொடுக்கிறார்கள். எங்கள் சபை வாலிபர் சங்கத்தோடு ஒரு டிசம்பரில் சேலை கொடுக்கப் போனேன், பேனர் எல்லாம் பிடித்துப் போட்டோவும் எடுத்தோம், வெட்கமாக இருக்கிறது இப்போது. ஒரு அம்மா சேலையை வாங்கிக்கொண்டு மரியாதையாகவே சொன்னார்: 'இது எனக்கு இந்த மாசம் மூணாவது சேலை சார். ஆடியில ஒரு கிலோ அரிசிக்கு யாருட்டப் போய் நிப்பேன்?'

அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை, நம் மாவட்டத்தின் கணக்கே அதுதான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அரசு நிவாரணம் கொடுக்கிறது, சரி, அது இரண்டு மாதத்துக்குப் போதுமா என்று கடற்கரையில் கேட்டுப் பாருங்கள். மலையோரம் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் அதே ஜூன் ஜூலைதான் கஷ்டம், தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது, வெட்டினாலும் பால் மழைத் தண்ணீரோடு ஓடிவிடும், மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டத்தில் அன்றைக்கு வேலையே இல்லை. இதே ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது, நோட்டு, பை, பேருந்து, ஃபீஸ். ஆக, கடலிலும் மலையிலும் ஒரே நேரத்தில் கை காய்ந்திருக்கிற மாதம் ஜூன், ஜூலை. நம்முடைய தானமோ மொத்தமும் டிசம்பர் 15க்கும் 25க்கும் நடுவில் தீர்ந்துவிடுகிறது. உங்களுடைய பதினெட்டாயிரத்தில் கிறிஸ்மஸுக்கு இரண்டாயிரம் ஒதுக்குவீர்கள் என்றால் அதில் ஆயிரத்தை அப்படியே எடுத்து ஜூலைக்கு வைத்துவிடுங்கள், ஒரு பிள்ளைக்கு நோட்டும் பையும் வந்துவிடும், போட்டோ எடுக்கவும் தோன்றாது, மழையில் யார் கேமராவை வெளியே எடுப்பார்?

இதற்கு நம் அம்மாமார் ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள், பிடியரிசி. எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருக்கும். உலையில் போட அரிசியை அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால், அம்மா அதிலிருந்து ஒரு பிடி அள்ளி பாட்டிலில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவார், பிடி கொஞ்சம் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அது துணிப்பையில் ஆலயத்துக்குப் போகும். இப்போது பல சபையில் அதையும் கவராக மாற்றிவிட்டார்கள், சௌகரியம்தான். ஆனால் தினமும் சமைக்கிறபோதே இன்னொரு வீட்டு அடுப்பை நினைக்கிற அந்த ஒரு நொடி போய்விட்டது. நீங்கள் ரூமில் தனியாகச் சமைக்கிற ஆளாக இருந்தால் இதை ஆரம்பித்துப் பாருங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. 'பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக' என்பது தூதர் பாட்டு. எனக்கும் என் அண்ணனுக்கும் ஆறு வருஷம் பேச்சு இல்லை. காரணம், பாகப்பிரிவினையில் என் வீட்டுக்குப் போகிற நாலடி வழி. நம் மாவட்டத்தில் சென்ட் விலை தெரியும்தானே, நாலடி என்பது சண்டைக்குப் போதுமான இடம். அந்த ஆறு வருஷமும் நாங்கள் இரண்டு பேரும் பாடகர் குழுவில்தான் இருந்தோம். அவர் பேஸ், நான் டெனர். ஆறு கிறிஸ்மஸுக்கு ஒரே புத்தகத்தைப் பார்த்து ஒன்றாகச் சமாதானம் பாடிவிட்டு, வெளியே வந்து ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனோம். ஸ்வரம் தப்பியதே இல்லை. பிறகு ஒரு மே மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன், பையன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில், ராத்திரி துணைக்கு ஆள் இல்லை. மதினி எனக்குப் போன் பண்ணவில்லை, நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார், 'கொசுவத்தி கொண்டு வந்தியா?' என்றார். மூன்று ராத்திரி இருந்தேன். இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம், வழித் தகராறு இன்றைக்கும் தீரவில்லை, சர்வேயர் இரண்டு தடவை வந்துபோய்விட்டார். ஆனால் பேசிக்கொண்டே தகராறு செய்கிறோம்.

வரதட்சணை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நீங்கள் கல்யாண வயது என்று நினைக்கிறேன். குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், அதாவது ஞானிகள், பொன்னைக் கொண்டுவந்து பிள்ளையின் முன் வைத்தார்கள். நாம் பிள்ளையைக் காட்டிப் பொன் வாங்குகிறோம், அதுவும் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்பே எத்தனை பவுன் என்று பேசி முடித்துவிட்டு. ஒரு வாலிபன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை 'வேண்டாம்' என்று சொன்னால் பெண் வீட்டார் இருபது வருஷத்துக்கு அடைக்க வேண்டிய கடன் மிச்சம். உங்கள் சம்பளத்தில் கொடுக்க முடிகிற ஆகப் பெரிய தானம் இதுதான், கையிலிருந்து காசு போகாது.

சாதியும் அப்படித்தான், இதை நீட்டாமல் போகிறேன். நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயம் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15இல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். எல்லாச் சாதிக்காரர்களோடும் சமமாகப் பழகினார் என்பதும் அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். மேலே இருந்தவர் கீழே இறங்கி வந்து உட்கார்ந்த கதை என்பதால் எனக்கு அது கிறிஸ்மஸ் கதையாகத்தான் தெரிகிறது. நான் தென்னிந்தியத் திருச்சபை என்கிற சிஎஸ்ஐக்காரன், அவர் கத்தோலிக்கர், இருக்கட்டும். அவருக்குச் சிலை வைத்த எத்தனை ஊரில் இன்னும் 'அவங்க கோயில், நம்ம கோயில்' என்ற பேச்சு இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். அண்டை வீட்டு இந்துக்களோடும் இஸ்லாமியரோடும் கேக் தட்டு போவதும் பொங்கல் பானை வருவதும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்திதான். 1982இல் மண்டைக்காட்டுப் பக்கம் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை நாங்கள், அந்தத் தட்டின் மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் மாவட்டம் ஒருமுறை நேரடியாகவே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. கடற்கரை வீடுகளில் முந்தின நாள் போட்ட ஸ்டார் இறக்கப்படவில்லை, கேக் மிச்சம் இருந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடல் ஏறி வந்தது, மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிந்தது. அன்று மாலைக்குள் உள்நாட்டுப் பள்ளிகளும் ஆலயங்களும் கல்யாண மண்டபங்களும் முகாம்களாகிவிட்டன. நாங்கள் சபை அசனத்துக்கு, அதாவது பொது விருந்துக்கு, வைத்திருந்த பெரிய அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். முதல் ஒரு வாரம் ஆள் கூட்டம் தாங்கவில்லை, சாப்பாடு மிஞ்சியது, பழைய துணி மலையாகக் குவிந்தது. மார்ச்சில் போனபோது தற்காலிகக் கொட்டகையில் வெயில் கொதித்தது, எங்களைத் தவிர அன்றைக்கு வந்திருந்தது இரண்டு கன்னியாஸ்திரிகள் மட்டும். ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோதும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் அந்தக் கிறிஸ்மஸுக்குக் கடலுக்குப் போன ஆள் வருவாரா வரமாட்டாரா என்றே தெரியாமல் வாசலைப் பார்த்திருந்த வீடுகள் எத்தனையோ. அப்படியொரு வீட்டில் போய் என்ன பேசுவது? பேசத் தெரியாமல்தான் இருந்தோம், அவர்களும் எதையும் எதிர்பார்க்கவில்லை, போகும்போது ஒருவர், 'பிறகும் வாருங்க' என்றார்.

ஆகவே தம்பி, பெரிய திட்டம் போடாதீர்கள். ஒரு வீடு போதும். இந்த டிசம்பர் ரவுண்ட்ஸில் நீங்கள் போன வீடுகளில் எது மனதில் நிற்கிறதோ அந்த வீட்டுக்கு இந்த மாதமே ஒருதடவை டிரம் இல்லாமல் போங்கள். முதல் தடவை உங்களுக்கும் கூச்சமாக இருக்கும், அவர்களுக்கும் சந்தேகமாக இருக்கும். மூன்றாவது தடவை காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள்.

ஸ்டார் விஷயம். சபை நாட்காட்டிப்படி கிறிஸ்மஸ் ஒரு நாள் இல்லை, டிசம்பர் 25இல் தொடங்கிப் பன்னிரண்டு நாள். ஜனவரி 6 சாஸ்திரிகள் வந்ததை நினைக்கிற பிரசன்னத் திருநாள், கத்தோலிக்கர் திருக்காட்சிப் பெருவிழா என்பார்கள். அவர்கள் பார்த்து வந்தது நட்சத்திரத்தை என்பதால் அதுவரை தொங்குவதில் நியாயம் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள். ஏழாம் தேதி இறக்கிவிடுங்கள். சீரியல் செட்டை மட்டும் கசக்கிப் பெட்டியில் திணிக்காமல் ஒரு தென்னமட்டையில் சுற்றி, எலி எட்டாத இடத்தில் வையுங்கள், போன வருஷம் எங்கள் வீட்டில் பாதி வயரைத் தின்றுவிட்டது.